கேளுங்கள், சொல்கிறோம்

வாசகர், தஞ்சாவூர்: இரும்பே இல்லாத காலத்தில் எலும்பிலும் தந்தத்திலும் சிலை செதுக்கினார்கள் என்கிறார்களே, நம்பலாமா?

தாராளமாக நம்பலாம். தெற்கு ஜெர்மனியில் ஹோலே ஃபெல்ஸ் என்று ஒரு குகை. 2008-ல் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் கோனார்ட் குழு அங்கே தோண்டியபோது மாமூத் என்ற, அழிந்துபோன யானை இனத்தின் தந்தத்தில் செய்த ஒரு பெண் உருவம் துண்டு துண்டாகக் கிடைத்தது. உயரம் 6 செ.மீ., வயது குறைந்தது 35,000 ஆண்டுகள். தலை கிடையாது, அந்த இடத்தில் சின்னதாக ஒரு வளையம், அநேகமாகக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அவ்வளவு சிறிய உருவத்தில் கைவிரல்களைக்கூடத் தனித்தனியாகக் கீறியிருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் என்னை அசத்துகிறது!

கருவி எல்லாம் சிக்கிமுக்கிக் கல் சில்லுகள்தான். அதே பகுதியின் இன்னொரு குகையில் கிடைத்த 31 செ.மீ. சிங்க மனிதன் (சிங்கத் தலையும் மனித உடலும் கொண்ட தந்தச் சிலை) மாதிரியே ஒரு நகலை இந்தக் காலத்தில் கல் கருவிகளால் செதுக்கிப் பார்த்தார்கள், 370 மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அதே வாசகர்: எலும்பில் என்ன கிடைத்தது?

புல்லாங்குழல்! அதே குகையில், அந்தப் பெண் உருவத்துக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான தூரத்தில். பாறு கழுகின் இறக்கை எலும்பு, ஐந்து துளைகள், ஊதும் முனையில் இரண்டு வெட்டுகள். பறவை எலும்பு இயல்பிலேயே உள்ளீடற்றது, அதனால் துளை போட்டால் வேலை முடிந்தது. தந்தத்திலும் குழல் செய்திருக்கிறார்கள், அதற்குத்தான் பொறுமை வேண்டும்: நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, அப்புறம் காற்று கசியாதபடி ஒட்ட வேண்டும்.