திட்டத்தில் இல்லாத வேலை

அன்புள்ள ஐயா,

செங்கல் சூளைக் குடும்பங்களைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். சமூகப் பணியில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். இப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர் பழங்குடிக் குடும்பங்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் திட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் வேலை கிடைத்திருக்கிறது. மூன்று வருட ஒப்பந்தம். இப்போது வாங்கும் சம்பளத்தில் பாதிதான். வீட்டில் அம்மா பேசுவதையே நிறுத்திவிட்டார். ஆனால் இயற்கையோடு ஒன்றி, எதற்கும் ஆசைப்படாமல் வாழும் அந்த எளிய மக்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்தே என் கனவு. இந்தத் துறையில் எதிர்காலம் உண்டா? சேருவதற்கு முன் என்னென்ன படிக்க வேண்டும்?

எஸ்., கொளத்தூர்

அன்புள்ள எஸ்.,

அம்மா பேசுவார். முதல் மாதச் சம்பளத்தில் ஒரு புடவை எடுத்துக் கொடுங்கள், கலர் சரியில்லை என்று சொல்வதற்காவது பேசுவார். படிக்க வேண்டியது என்னவென்று அங்கே போனால் தானாகத் தெரியும். இந்த இரண்டையும் இதோடு விட்டுவிடலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. எதற்கும் ஆசைப்படாத மக்கள் என்று யார் உங்களுக்குச் சொன்னது? ஏரிக்கரைப் புறம்போக்கில் தார்ப்பாய்க்குக் கீழே ஐப்பசி மழையைக் கழிக்கிறவருக்கு கான்கிரீட் கூரை மேல் ஆசை இருக்காதா? பட்டா வேண்டும், கரண்டு வேண்டும், பெண்ணை நர்சிங் சேர்க்க வேண்டும், போனுக்கு ரீசார்ஜ் போட வேண்டும். கொளத்தூரில் உங்கள் வீட்டில் என்னென்ன ஆசை உண்டோ அத்தனையும் அங்கேயும் உண்டு. இந்த நினைப்போடு போனால் முதல் வாரமே ஒரு கிழவி, 'எங்க மனு என்ன ஆச்சு?' என்று அதட்டுவார். நீங்கள் மனம் உடைந்து திரும்பி வருவீர்கள்.

இயற்கையோடு ஒன்றி வாழ்வது பற்றியும் ஒரு வார்த்தை. பாம்புத் தோல் வியாபாரத்தை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறுத்தியது. தேவையான சட்டம்தான். ஆனால் தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர்கள் மறுநாள் எதைச் சாப்பிடுவார்கள் என்று சட்டம் கேட்கவில்லை. 1978இல் ஆரம்பித்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சில நூறு பேரைத் தாங்கிப் பிடித்தது. ஈ.சி.ஆரில் வடநெம்மேலியைத் தாண்டி மாமல்லபுரத்துக்கு ஜாலியாகப் போகிறோமே, அங்கேதான். நம்மைப் பாம்பு கடித்தால் ஏற்றுகிற மருந்துக்கு வேண்டிய விஷத்தைப் பெரும்பாலும் அவர்கள்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சங்கத்தில் இடம் கிடைக்காத பலர் முன்பணம் வாங்கிக்கொண்டு அரிசி ஆலைக்கும் மரம் வெட்டவும் சூளைக்கும் போனார்கள். இயற்கை அவர்களுக்கு அதோடு சரி.

நான் வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழங்குடியினர் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம் 1989 நவம்பரில் தாசில்தாரிடமிருந்து வருவாய்க் கோட்டாட்சியருக்கு, அதாவது ஆர்.டி.ஓ.வுக்குப் போனது. போலிச் சான்றிதழ்கள் பெருகியதுதான் காரணம். போலி வாங்கியவர்கள் விவரமானவர்கள், வசதி உள்ளவர்கள். சந்தேகம் வந்து விழுந்தது மட்டும் இவர்கள் தலையில்.

ஆர்.டி.ஓ. அலுவலகம் ஒன்றில் நான் உதவியாளராக இருந்தபோது, எந்த ஊர் என்பது இப்போது வேண்டாம், ஒருவர் பத்தாவது பாஸான தன் மகளோடு வந்து நின்றார். அதிகாரி கேட்டார், "இருளர்னா பாம்பு பிடிப்பியா?"

"எங்க அப்பா பிடிப்பாரு சார். நான் ரைஸ் மில்லுல பொறந்தவன்."

"எலியாவது பிடிப்பியா?"

அது அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படியே தரையில் குந்திவிட்டார். வளையின் மற்ற வாய்களை எல்லாம் மண் போட்டு அடைத்துவிட வேண்டும், அடியில் ஓட்டை போட்ட பானைக்குள் வைக்கோலும் காய்ந்த இலையும் திணித்து நெருப்பு வைக்க வேண்டும், பானையின் வாயை வளையின் வாயோடு சேர்த்து வைத்து ஓட்டை வழியாக ஊத வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், இரண்டு கையையும் குவித்து ஊதியே காட்டினார். செக்‌ஷனே சிரித்தது. மகள் சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் 'ஆதாரங்கள் போதவில்லை' என்று எழுதி ஃபைலைத் திருப்பினார்கள்.

அவர் ஏன் பாம்பு பிடிக்கக் கற்றுக்கொள்ளவில்லை? அப்பா வாங்கிய முன்பணத்துக்காக ஆலைக்குள்ளேயே வளர்ந்ததால். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அதன்படி மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் தருவதும் ஆர்.டி.ஓ. அலுவலகம்தான். நீ அடைபட்டுக் கிடந்தாய் என்று ஒரு செக்‌ஷன் எழுதிக் கொடுக்கும். அடைபட்டுக் கிடந்தவனுக்குப் பாம்பு பிடிக்கத் தெரியவில்லையே, நீ இருளன்தானா என்று அடுத்த செக்‌ஷன் கேட்கும்.

அன்று அவரோடு ஒரு பெண்மணியும் வந்திருந்தார். உங்களுக்குக் கிடைத்திருக்கிற அதே பதவி. அவருடைய திட்டம் ஆடு வளர்ப்பு, சான்றிதழ் அதில் எங்கேயும் கிடையாது. ஆனால் பையில் நீள நோட்டு ஒன்று வைத்திருந்தார். குடும்பத்துக்கு ஒரு பக்கம்: தாத்தா பெயர், ரேஷன் கார்டு எண், பள்ளிக்கூட டி.சி., எந்த ஊரில் எந்தப் பங்காளிக்கு ஏற்கெனவே சான்றிதழ் இருக்கிறது என்பது வரை. அந்த மனிதரின் பெரியப்பா மகன் ஒருவர் பக்கத்து தாலுகாவில் சான்றிதழ் வாங்கியிருந்ததைக் கண்டுபிடித்து, வம்சாவளி வரைந்து, வி.ஏ.ஓ.விடம் கையெழுத்து வாங்கி மறுபடி வந்தார். எங்களால் மறுக்க முடியவில்லை. பெண் பதினொன்றாவதில் பழங்குடி மாணவியாகவே சேர்ந்தாள். அந்தப் பெண்மணியின் நிறுவனமோ, ஆடு எத்தனை ஈன்றது என்று கேட்டு மெமோ கொடுத்ததாம். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போன பஸ் செலவையும் தள்ளிவிட்டார்களாம்.

அந்தத் திட்டம் முடிந்து அவர் போய்விட்டார். ஆனால் போவதற்குள் குடியிருப்பிலேயே இரண்டு பெண்களுக்கு நோட்டு எழுதப் பழக்கியிருந்தார். அவர்கள் மாதம் தவறாமல் வந்து எங்கள் செக்‌ஷனை ஒரு வழி செய்துவிட்டார்கள். நான் ரிட்டயர் ஆகும்வரை அவர்களைக் கண்டு பயந்த கிளார்க்குகளைப் பார்த்திருக்கிறேன். நீலகிரியில் கூடலூர் அஸ்வினி மருத்துவமனையும் 1990இலிருந்து இதைத்தான், அந்த மக்களையே வேலைக்குப் பழக்குவதைத்தான் செய்கிறது. அங்கே நர்சுகளில் பெரும்பாலோர் பழங்குடிப் பெண்கள்.

இந்தச் சான்றிதழ்க் காகிதத்தையே ஏன் பிடித்துத் தொங்குகிறேன் என்றால், மற்ற எல்லாம் இதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கின்றன. உதவித்தொகை, விடுதி, கடன், இட ஒதுக்கீடு எல்லாமே. தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், இருளர் என்று தமிழ்நாட்டில் ஆறு சமூகங்கள் மிகவும் நலிவடைந்த பழங்குடிப் பட்டியலில் இருக்கின்றன. அவர்களுக்கும் சேர்த்து 2023 நவம்பரில் மத்திய அரசின் பி.எம். ஜன்மன் திட்டம் வந்தது. வீடு கட்டப் பணம் உண்டு. கட்டுவதற்கு மனை வேண்டுமே? ஏரிப் புறம்போக்கில் பட்டா கிடைக்காது. மாற்று மனைக்கு மனு போட வேண்டும். மனுவோடு என்ன இணைக்க வேண்டும்? அதே காகிதம்தான்.

நீங்கள் போனதும் தலைமை அலுவலகம் மார்ச் மாதத்தில் சர்வே எடுக்கச் சொல்லும். கணக்கு முடிக்க வேண்டுமே. பொங்கலுக்குப் பிறகு பாதிக் குடும்பங்கள் சூளையில் இருக்கும், குடிசைகள் பூட்டிக் கிடக்கும். 'பயனாளிகள் ஒத்துழைக்கவில்லை' என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். சூளைக்குப் போய்ப் பாருங்கள்.

எதிர்காலம் கேட்டீர்களே, மறந்தே போனேன். பெரிதாக ஒன்றும் சொல்வதற்கில்லை. 2020இல் வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். பெரிய நிறுவனம் வாங்கிச் சின்ன நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதும் நின்றுபோனது. மிச்சம், கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம். அவர்களுக்கு வருடக் கடைசியில் காட்டுவதற்குப் போட்டோ வேண்டும். வம்சாவளியைப் போட்டோ எடுத்தால் நன்றாக வராது. ஆகவே மூன்று வருடத்துக்கு ஒரு முறை வேலை தேடிக்கொண்டுதான் இருப்பீர்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த நிறுவனத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குக் கலெக்டர் அலுவலகம் போய்வந்தால் அதை வேலை என்று கணக்கில் எடுத்துக்கொள்வார்களா? இருளர் பெண்கள் இரண்டு பேரைச் சம்பளம் கொடுத்து உங்களோடு வைத்துக்கொள்ள விடுவார்களா? இரண்டாவதற்கு இழுத்தால் உள்ளே போய்ச் சண்டை போட்டு வாங்கிக்கொள்ளலாம். முதலாவதற்கே இழுத்தால் ஹெச்.ஆரிலேயே இருங்கள், அம்மாவும் சந்தோஷப்படுவார்.