மூட்டையாக வாங்குமுன்: காஸ்ட்கோ கேள்வி – பதில்

ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினர் அட்டை எடுத்தவர்களுக்கு மொத்தமாக விற்கும் கடை காஸ்ட்கோ. அதுபற்றி அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். 65 டாலர் அட்டை போதுமா? 130 டாலர் எக்ஸிகியூடிவ் எடுக்கலாமா?
– வாசகி, நியூ ஜெர்சி

எக்ஸிகியூடிவ் அட்டையில் வாங்கும் தொகைக்கு 2 சதவீதம் ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். கூடுதலாகக் கட்டிய 65 டாலர் கைக்கு வரவேண்டுமானால் ஆண்டுக்கு 3,250 டாலருக்கு, அதாவது மாதம் சுமார் 271 டாலருக்கு வாங்கியாக வேண்டும். காருக்குப் போடும் பெட்ரோல் இந்தக் கணக்கில் சேராது. பருப்பும் மசாலாவும் இந்தியக் கடையில் வாங்கும் சின்னக் குடும்பத்துக்கு 65 டாலர் அட்டையே போதும். பிடிக்கவில்லை என்றால் சந்தாவை முழுசாகத் திருப்பித் தருவார்கள். கிரெடிட் கார்டு என்றால் கடையில் வீசா மட்டும்தான் செல்லும், மறக்க வேண்டாம்.

டி.வி. வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. திரையில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு. திருப்பிக் கொடுக்க முடியுமா?
– வாசகர், டெக்சஸ்

முடியாது. டி.வி., கணினி, செல்போன், கேமரா, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் கெடு 90 நாள். ஆனால் உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. டி.வி.க்குத் தயாரிப்பாளர் தரும் உத்தரவாதத்தைக் காஸ்ட்கோ இரண்டு ஆண்டாக நீட்டித் தருகிறது. முதலில் திரையை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல விரிசல் தெரிந்தால் அது அடிபட்டது, உத்தரவாதத்தில் வராது. விரிசல் இல்லாமல் கோடு மட்டும் என்றால் அதைப் படம் எடுங்கள். பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணையும் எடுத்துக்கொண்டு தயாரிப்பாளரை அழையுங்கள். ரசீது தொலைந்திருந்தாலும் கவலையில்லை, வாங்கிய தேதி உங்கள் கணக்கில் பதிவாகி இருக்கும்.

டயருக்கும் கார் பேட்டரிக்கும் தனித்தனி உத்தரவாதம் உண்டு. துணி, பாத்திரம், மளிகையைத் திருப்பிக் கொடுக்கப் பொதுவாகக் காலக்கெடு இல்லை. அதற்காக இரண்டு வருஷம் உடுத்திய சட்டையைக் கொண்டுபோய் நீட்டுவது முறையல்ல. அடிக்கடி அப்படிச் செய்தால் அட்டையையே ரத்து செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

தங்கக் கட்டியும் வைரமும் விற்கிறார்களே, நம்பி வாங்கலாமா?
– வாசகி, கலிஃபோர்னியா

1 அவுன்ஸ் கட்டி 31.1 கிராம், நம் கணக்கில் நான்கு பவுனுக்குச் சற்றுக் குறைவு. தரத்தில் சந்தேகம் வேண்டாம். ஆனால் தங்கக் கட்டியைத் திரும்ப எடுக்கவே மாட்டார்கள். பின்னால் விற்க நாணய வியாபாரியிடம்தான் போக வேண்டும், அவர் அன்றைய சந்தை விலைக்குக் கொஞ்சம் குறைத்தே கொடுப்பார். தங்கக் கட்டியை மூடி வரும் உறையட்டையைப் பிரித்துவிட்டால் இன்னும் குறையும். ஆசைக்குக்கூடத் தொட்டுப் பார்க்காதீர்கள். ஊருக்கு எடுத்துப் போவதானால், இந்தியச் சுங்கத்தில் நகைக்கு உள்ள சலுகை கட்டிக்குக் கிடையாது. அறிவித்து வரி கட்ட வேண்டும்.

வைரத்தைத் திருப்பலாம். 1 காரட்டுக்கு மேல் என்றால் அதோடு வந்த எல்லாக் காகிதமும், முக்கியமாக வைரத்தின் தரத்தைச் சோதிக்கும் ஐ.ஜி.ஐ. அல்லது ஜி.ஐ.ஏ. நிறுவனத்தின் சான்றிதழ், கூடவே வரவேண்டும். ரத்தின நிபுணர் சோதித்த பிறகே பணம். மோதிரம் வாங்கிய அன்றே காகிதங்களை ஒரு உறையில் போட்டு பாஸ்போர்ட் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

20 பவுண்டு பாஸ்மதியில் வண்டு விழுகிறது. 3 பவுண்டு பாதாமில் பாதி சிக்கு வாடை அடிக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், மிச்சிகன்

வண்டு உங்கள் வீட்டில் பிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. அரிசி மணிக்குள்ளேயே முட்டை இருந்து, சமையலறைச் சூட்டில் பொரிக்கும். காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் மணிக்குள் இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. மூட்டையை 5 பவுண்டு வீதம் நான்கு ஜிப்லாக் பையில் பிரித்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் நான்கு நாள் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள்! சில்லென்ற அரிசியில் காற்றின் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும். சூடு சமமாகும்வரை ஒரு நாள் அப்படியே விட்டு, பிறகு இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் கொட்டுங்கள். பழைய அரிசியின் மேல் புதிதைக் கொட்ட வேண்டாம்.

பாதாமில் ஏறக்குறைய பாதி எண்ணெய். காற்றும் சூடும் பட்டால் காறும். இரண்டு வாரத்துக்கு ஆவதை மட்டும் வெளியே வைத்து, மீதியை ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். வால்நட்டுக்கு இது இன்னும் அவசியம். 2 லிட்டர் ஆலிவ் எண்ணெயைத் திறந்தால் இரண்டு மூன்று மாதத்தில் தீர்க்க முடியுமா என்று பார்த்து வாங்குங்கள். அடுப்புப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

விலைச் சீட்டில் மேல் மூலையில் நட்சத்திரக் குறி எதற்கு?
– வாசகி, வாஷிங்டன்

அந்தச் சரக்கு இப்போதைக்கு மறுபடி வராது என்று பொருள். விலை 97 சென்டில் முடிந்தால் பெரும்பாலும் அது குறைத்த விலை. இரண்டும் சேர்ந்திருந்தால், தேவையான பொருள் என்றால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். வாங்கி 30 நாளுக்குள் விலை குறைந்தாலும், வித்தியாசத்தை உறுப்பினர் சேவை கவுண்டரில் கேளுங்கள்.