ரஷ்ய இலக்கியத்தை மொழிபெயர்த்தவர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?

என் பதில் காரெல் வான் ஹெட் ரேவ. டச்சுக்காரர். நெதர்லாந்தின் லைடன் நகரில் நான் வேலை பார்த்த நாட்களில் ஒரு பழைய புத்தகக் கடையில் ரஷ்ய நாவலாசிரியர் துர்கேனிவின் தொகுதி ஒன்று கையில் சிக்கியது. தாள் பைபிள் தாள் மாதிரி அவ்வளவு மெல்லிசு, ஒரு பக்கம் புரட்டினால் மூன்று சேர்ந்து வரும். மொழிபெயர்ப்பு இவருடையது.

தட்டுத்தடுமாறி டச்சு படிக்கிற எனக்கே அதிலிருந்த நாவலின் தலைப்பு உறுத்தியது. ரஷ்ய மூலத்தில் இருப்பது மகன், மகள் இருவருக்கும் பொதுவான சொல். இவர் 'தந்தையரும் மகன்களும்' என்று வைத்திருக்கிறார். ஆங்கிலத்திலும் அப்படித்தான் நிலைத்துவிட்டது. நம்மிடம் 'பிள்ளைகள்' என்று கச்சிதமாக ஒரு சொல் இருக்கிறதே என்று அன்றைக்கு ஓர் அற்பப் பெருமை.

சரி, ஆளைப் பற்றி. 1921-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கம்யூனிஸ்ட் குடும்பத்தில் பிறந்தவர். நாவலாசிரியராகப் பெரும்புகழ் பெற்ற ஹெரார்ட் ரேவ இவருடைய தம்பி. வளர்ந்த பிறகு கம்யூனிச நம்பிக்கை காரெலை விட்டுப் போனது, ரஷ்ய மொழி மட்டும் விடவில்லை. 1957 முதல் 1983 வரை லைடன் பல்கலைக்கழகத்தில் ஸ்லாவிய இலக்கியப் பேராசிரியர். தஸ்தயேவ்ஸ்கியை எல்லோரும் கொண்டாடியபோது, எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்று வெளிப்படையாக எழுதியவர். எனக்குத் தஸ்தயேவ்ஸ்கி உயிர். இருந்தாலும் அந்தத் துணிச்சல் பிடித்திருக்கிறது.

1967-இல் 'ஹெட் பரோல்' நாளிதழின் நிருபராக மாஸ்கோ போனார். ஹைட்ரஜன் குண்டு செய்த விஞ்ஞானி சாகரவ், சிந்தனைச் சுதந்திரம் கேட்டு எழுதிய கட்டுரை தட்டச்சுப் பிரதியாகக் கைமாறிக்கொண்டிருந்த நேரம் அது. ஆந்த்ரேய் அமல்ரிக் என்ற இளைஞர் அதை இவரிடம் கொண்டுவந்து கொடுத்தார். 1968 ஜூலை 6 அன்று ஹெட் பரோலில் டச்சு மொழியில் வந்தது. நியூயார்க் டைம்ஸ் அச்சிட்டது ஜூலை 22-இல்தான். சாகரவின் ரகசிய ஆய்வு வேலை அத்தோடு போயிற்று.

ஊர் திரும்பியதும் 1969-இல் நண்பர்களோடு சேர்ந்து ஹெர்ட்சன் அறக்கட்டளையைத் தொடங்கினார். சோவியத்தில் அச்சேற முடியாததை ஆம்ஸ்டர்டாமில் அச்சிடுவதுதான் அதன் வேலை. அந்த வருடமே அமல்ரிக்கின் நூல் வந்தது. சோவியத் யூனியன் 1984 வரை தாக்குப்பிடிக்குமா என்பதுதான் தலைப்பே. அமல்ரிக் 1980-இல் ஸ்பெயினில் கார் விபத்தில் இறந்துபோனார். 1991-இல் சோவியத் யூனியன் கலைந்தபோது ரேவ இருந்து பார்த்தார்.