ஊரடங்கிலும் ஓட்டம் நிற்காமலிருக்க: கேள்வி பதில்

2021இல் கொரோனா கட்டுப்பாடுகள் மறுபடியும் இறுகியபோது ஓட்டம் பற்றிய கேள்விகள் குவிந்தன. அவற்றுக்கு அப்போது நான் எழுதிய பதில்கள் இவை. இருபது ஆண்டுகளாக ஓடுகிறேன். அதில் பாதிக்கு மேல் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தும் வருகிறேன். ஆனால் நான் மருத்துவர் அல்ல. நோய் சம்பந்தமான கேள்விகளைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: அக்கா, இரண்டு வருடமாக வாரத்துக்கு ஐந்து காலை ஓடிக்கொண்டிருந்தேன். ஊரடங்கு வந்து பதினைந்து நாளாக ஓரடிகூட ஓடவில்லை. சேர்த்ததெல்லாம் போய்விட்டதா?

போகவில்லை. நீண்ட நேரப் பயிற்சியில் நன்றாகப் பழகியவர்கள் பயிற்சியை அடியோடு நிறுத்தினால், உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் முதல் மூன்று வாரத்துக்குள் ஏறக்குறைய 7 சதவீதமும், எட்டு வாரத்தில் 16 சதவீதமும் குறைந்ததாக 1984இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முதலில் குறைவது இரத்தத்தின் நீர்ப்பகுதி. அதனால்தான் சில நாள் விட்டு ஓடினாலே பழைய வேகத்தில் நெஞ்சு படபடக்கிறது. அது திரும்பி வருவதும் விரைவுதான்.

எனக்கு உங்கள் காலைப் பொழுதைப் பற்றித்தான் கவலை. ஓடிய நேரத்தில் இப்போது என்ன செய்கிறீர்கள்? தூங்குகிறீர்களா, கைப்பேசியைப் பார்க்கிறீர்களா? அந்த நேரத்தை வேறொன்று பிடித்துக்கொண்டால், ஊரடங்கு முடிந்த பிறகு அதை மீட்பது நுரையீரலைப் பழக்குவதைவிடக் கடினம். ஆகவே நாளைக் காலை அதே நேரத்துக்கு எழுந்திருங்கள். அதே உடை, அதே ஷூ. பத்து நிமிடம் மாடிப்படி ஏறி இறங்குங்கள், போதும். தூரம் சுருங்கலாம், ஆனால் நேரம் கைமாறக் கூடாது. இன்று வருகிற எல்லோருக்கும் நான் சொல்லப்போவது பெரும்பாலும் இதுதான்.

விட்டுப்போன நாட்களுக்காக வருந்தவும் வேண்டாம். ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் அளவுக்குப் படிய நடுமதிப்பாக 66 நாட்கள் ஆகின்றன என்று லண்டனில் நடந்த ஓர் ஆய்வு கண்டது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

கேள்வி: வெளியே போகவே அனுமதி இல்லை. வீட்டில் ஒரு சின்ன பால்கனிதான் இருக்கிறது. அதில் ஓட முடியுமா?

முடியும். 2020 மார்ச்சில் பிரான்சில் ஒருவர் தம் வீட்டின் ஏழு மீட்டர் பால்கனியிலேயே முன்னும் பின்னுமாக ஓடி, ஏழு மணி நேரத்துக்குள் ஒரு முழு மாரத்தான் தூரத்தை முடித்தார். அந்த மன உறுதியை வணங்குகிறேன். ஆனாலும் நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

குறுகிய இடத்தில் தொந்தரவு தருவது திருப்பங்கள்தான். முதல் ஊரடங்கில் நான் மொட்டை மாடியில் ஓடினேன். நாள்தோறும் ஒரே திசையில் முப்பது நிமிடம் சுற்றியதில், மூன்றாவது வாரம் இடது முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கி, பத்து நாள் படுத்தியது. அதன் பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திசை மாற்றினேன். இடம் இருந்த பக்கம் எட்டு என்ற எண்ணைப் போல வளைந்து ஓடினேன். வலி வரவில்லை. பால்கனியில் அதற்கும் இடம் போதாது என்றால் நின்ற இடத்தில் ஓடுங்கள். இது கெண்டைக்காலுக்கும் குதிகால் நாணுக்கும் (தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் பட்டை) அதிகச் சுமை தரும். முதல் வாரம் முப்பது விநாடி ஓட்டம், முப்பது விநாடி நடை என்று பத்துச் சுற்று மட்டும். ஸ்கிப்பிங் கயிற்றுக்கும் இதே கணக்கு. மாடிப்படி இருந்தால் இவை எல்லாவற்றையும்விட எனக்கு அதுவே பிடிக்கும். வேகமாக ஏறுங்கள், நடந்து இறங்குங்கள். இறங்கும்போது ஓடினால் முழங்கால் பாடுபடும்.

கீழ்வீட்டில் இருப்பவர்களும் இப்போது நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார்கள். எந்த நேரத்தில் குதிக்கலாம் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்களுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம், வீட்டுக்கு அருகில் மட்டும் அனுமதி. முன்பு ஞாயிறுதோறும் 20 கி.மீ. ஓடுவேன். இந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது?

ஒரு மணி நேரம் பெரிய கொடை. 2020 வசந்தத்தில் ஸ்பெயினில் ஏழு வாரம் பெரியவர்கள் ஓடுவதற்கென்று வெளியே வரவே முடியவில்லை. மே 2ஆம் தேதிதான் அதிகாலையிலும் இரவிலும் சில மணி நேரம் திறந்துவிட்டார்கள்.

1980களில் வெளியான சில சோதனைகளை இந்த ஒன்றரை வருடமாக அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பத்து வாரம், வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம் கடும் பயிற்சி பெற்றவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு சோதனையில் ஆறு நாளை இரண்டு நாளாகக் குறைத்தார்கள். இன்னொன்றில் 40 நிமிடத்தை 13 நிமிடமாக்கினார்கள். பதினைந்து வாரம் கழித்துப் பார்த்தபோதும் ஆக்சிஜன் உச்சத்திறன் அப்படியே இருந்தது. நாட்களையும் நிமிடங்களையும் குறைக்காமல் கடுமையை மட்டும் குறைத்த சோதனையில்தான் அது சரிந்தது. பதின்மூன்று நிமிடக் குழுவுக்கு நீண்ட நேரம் தாங்கும் திறன் ஓரளவு குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் 20 கி.மீ. சற்று மங்கும். ஆனால் அடித்தளம் அசையாது.

ஆகவே வாரத்தில் இரண்டு நாள் சற்று வேகமாக ஓடுங்கள். பத்து நிமிடம் மெதுவோட்டம், பிறகு இரண்டு நிமிடம் வேகமும் இரண்டு நிமிடம் மெதுவுமாக ஆறு சுற்று, கடைசியில் பத்து நிமிடம் தணிந்த ஓட்டம். மற்ற நாட்களில் பக்கத்தில் ஒருவர் இருந்தால் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். அனுமதித்த எல்லைக்குள்ளேயே சுற்றுங்கள். விதியில் ஓட்டை தேடாதீர்கள். கணுக்கால் பிசகினால் போக வேண்டிய மருத்துவமனையில் இப்போது படுக்கைக்கே நெருக்கடி.

கேள்வி: முகக்கவசம் போட்டுக்கொண்டு ஓடலாமா?

கடும் உடற்பயிற்சியின்போது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. வியர்வையில் நனைந்தால் மூச்சு விடுவது சிரமம். குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும் என்றும் சொன்னது. மூச்சிரைக்க ஓடும்போது நான் அதைவிடப் பல மடங்கு விலகிப் போகிறேன். உங்கள் பகுதியில் கட்டாயம் என்றால் போட்டுக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். நனைந்ததும் மாற்ற இன்னொன்று கையில் இருக்கட்டும்.

கேள்வி: எனக்குக் கொரோனா வந்து வீட்டிலேயே குணமானது. காய்ச்சல் விட்டு நான்கு நாள் ஆகிறது. லேசான இருமல் மட்டும் இருக்கிறது. நாளை மெதுவாக 3 கி.மீ. ஓடிப் பார்க்கட்டுமா அக்கா?

வேண்டாம் தம்பி. இருமல் இருக்கும்வரை உங்கள் கணக்கு தொடங்கவே இல்லை.

2021 ஜனவரியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதலைச் சொல்கிறேன். எந்த அறிகுறியும் இல்லாமல் குறைந்தது ஏழு நாள் கடக்க வேண்டும். அதன் பிறகும் உடனே ஓட்டம் கிடையாது. இரண்டு வாரமாவது மிக லேசான அசைவுதான்: மெல்ல நடப்பது, மூச்சுப் பயிற்சி, உடலை நீட்டி வளைப்பது. அதுவும் சிரமமில்லாமல் போனால்தான் அடுத்த படி, ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு வாரம். மறுநாள் அசதி மிஞ்சினால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்றால், இந்தத் தொற்று சிலருக்கு இதயத் தசையில் அழற்சியை உண்டாக்குகிறது. அந்த நிலையில் கடுமையாக ஓடினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். நெஞ்சு வலி, படபடப்பு, தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு இவற்றில் ஏதாவது இருந்தாலோ, மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றிருந்தாலோ, ஓடும் முன் மருத்துவரைப் பார்த்தே தீர வேண்டும். கழுத்துக்கு மேல் மட்டும் சளி என்றால் ஓடலாம் என்று ஓட்டக்காரர்களிடையே ஒரு பழைய கணக்கு உண்டு. நானும் பல வருடம் அதைச் சொல்லிக்கொடுத்தவள்தான். இந்த நோய்க்கு அது பொருந்தாது. தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

நேரத்தைக் கைவிடாதீர்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா? உங்களுக்கு அந்த நேரம் இப்போது ஓய்வுக்கானது. எழுந்து சன்னலோரம் உட்காருங்கள்.

கேள்வி: தொற்று உறுதியாகிவிட்டது, ஆனால் அறிகுறியே இல்லை. அறைக்குள் ஸ்கிப்பிங் செய்யலாமா?

கூடாது. அறைக்குள் மெல்ல நடங்கள். மேலே உள்ள பதிலை முழுதாகப் படியுங்கள்.

கேள்வி: குழந்தைகளுக்குப் பள்ளி இல்லை, எனக்கும் கணவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. ஓட அனுமதித்த நேரமோ இருட்டு. தனியாகப் போகப் பயம். விட்டுவிடலாம் என்றே தோன்றுகிறது.

பயத்தை அலட்சியம் செய்யச் சொல்ல மாட்டேன். ஆளரவமற்ற இருட்டுத் தெருவில் தனியாக ஓடுவதைவிட வீட்டுக்குள் பதினைந்து நிமிடம் ஓடுவது மேல். ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் உழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் பரிந்துரைத்தபோது, ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை நீக்கிவிட்டது. ஐந்து ஐந்து நிமிடமாகச் சேர்த்தாலும் கணக்கில் வரும்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒன்று உறுத்துகிறது. வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தும், விட்டுவிட நினைப்பது நீங்கள் மட்டும்தான். தினமும் 25 நிமிடம் குழந்தைகளை அவர் பார்த்துக்கொள்ளட்டும். அந்த நேரத்தை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இதைக் கேட்டு வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை.

கேள்வி: பதிவு செய்திருந்த மாரத்தான் ரத்தாகிவிட்டது. ஓட மனமே வரவில்லை.

அந்த ஏமாற்றம் எனக்கும் தெரியும். 1897இல் தொடங்கிய பாஸ்டன் மாரத்தானே 2020இல்தான் முதன்முறையாக ரத்தானது. அதே ஆண்டு லண்டனில் முன்னணி வீரர்கள் மட்டும் ஒரு பூங்காவைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். ஒரு வாரம் துக்கம் இருக்கட்டும். பிறகு வீட்டருகே ஒரு 3 கி.மீ. வழியை அளந்து, மாதம் ஒருமுறை அதே நாளில் நேரம் குறித்து ஓடுங்கள். என் பயிற்சிக் குழுவில் பலரை மீட்டது அந்தக் குறிப்பேடுதான்.

கேள்வி: டிரெட்மில் வாங்கலாமா?

வைக்க இடமும் கையில் பணமும் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் குறையொன்றுமில்லை.

கேள்வி: அடுத்த வாரம் தளர்வு வரும் போலிருக்கிறது. மூன்று மாதம் வீட்டுக்குள் குதித்தும் படி ஏறியும் மூச்சைக் காப்பாற்றிவிட்டேன். நேராகப் பழைய 10 கி.மீ.க்குப் போகலாமா?

மூச்சு தயாராக இருப்பதுதான் இங்கே ஆபத்து. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் நாணும் மாதக்கணக்கில்தான் பழகும். சாலையின் அதிர்ச்சியை மூன்று மாதமாக உங்கள் கால் பார்க்கவில்லை. 2020இல் தளர்வு வந்தபோது, என்னிடம் பயின்றவர்களில் நன்றாக மூச்சு பழகியவர்களே முதலில் முன்னங்கால் எலும்பு வலியோடு வந்தார்கள்.

முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், 20 நிமிடம் மட்டும்: நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. இன்னும் ஓடலாம் என்று தோன்றும்போதே வீடு திரும்புங்கள். மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கும்போது குதிகாலோ முன்னங்காலோ வலிக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். இரண்டாவது வாரத்துக்கான அட்டவணையை அதைப் பார்த்துத்தான் போட முடியும்.