மகப்பேறு படிப்பை அவள்மேல் திணிக்காதீர்கள்

அம்மா, மருத்துவம் படிக்கும் உங்கள் மகள் கருக்கலைப்பு தவறு என்று வகுப்பில் எழுந்து சொன்னதால் அவள் எதிர்காலம் போய்விடுமோ என்று பயப்படுகிறீர்கள். போய்விடாது. மருத்துவ அறநெறி வகுப்பு இதையெல்லாம் பேசத்தான் இருக்கிறது. ஆனால் பயந்துபோய் வந்து படுத்திருக்கும் நோயாளியிடம் அதே வார்த்தையைச் சொல்லக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு எதிர்த்துப் பேசத் தெம்பு இருக்காது. இதை அவள் இப்போதே பழகியாக வேண்டும்.

என் கவலை அவள் பெரியப்பா சொல்லும் யோசனைதான். ‘வாயைத் திறக்காமல் படித்து முடி, மேற்படிப்புக்கு மகப்பேறு எடு, பெண் டாக்டருக்கு அதில்தான் மரியாதை’ என்கிறாராம். வேண்டவே வேண்டாம். கருத்தடை, குடும்பக் கட்டுப்பாடு, கருக்கலைப்பு எல்லாம் அந்தத் துறையின் அன்றாட வேலை. பிரிட்டனின் 1967 கருக்கலைப்புச் சட்டம், அதைச் செய்ய விரும்பாத டாக்டரை மனசாட்சியைச் சொல்லி விலகிக்கொள்ள விடுகிறது. தாயின் உயிருக்கே ஆபத்து என்றால் அங்கும் விலக முடியாது. ஸ்வீடனில் கருக்கலைப்பில் பங்கேற்க மறுத்த 2 மருத்துவச்சிகளுக்கு வேலை கிடைக்கவில்லை. 2020இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அவர்கள் மனுவை ஏற்கவில்லை. கடன் வாங்கி அந்த மேற்படிப்பு இடத்தைப் பிடித்துத் தரவே கூடாது. கடன் கழுத்தை நெரிக்கும்போது பிடிக்காத துறையிலிருந்து எப்படி வெளியே வருவாள்?

‘குறையோடு பிறக்கிற குழந்தைக்கும் வாழ்க்கை உண்டு’ என்றாள் என்னிடம். சரி, அந்த வாழ்க்கைக்காகவே ஒரு துறை இருக்கிறது: மறுவாழ்வு மருத்துவம். முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை முடிந்தும் பல குழந்தைகளுக்குக் காலில் வலு இருக்காது, சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாது. சிறுநீர் தேங்கினால் சிறுநீரகம் கெடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான குழாயைச் செலுத்தி வெளியேற்றத் தாய்க்குக் கற்றுத்தர வேண்டும். வளர்ந்ததும் பிள்ளையே செய்துகொள்ளும். கிருமி முற்றிலும் நீக்கிய குழாய் தேவையில்லை, சுத்தமாக இருந்தால் போதும் என்று அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் ஜாக் லாபிடெஸ் குழுவினர் 1972இல் எழுதியது எத்தனையோ வீடுகளுக்கு இதைச் சாத்தியமாக்கியது. உணர்ச்சியில்லாத தோலில் புண் வராமல் மெத்தை, காலைத் தாங்க அளவெடுத்துச் செய்த காலிப்பர், சக்கர நாற்காலி, பள்ளிக்கூடம் என்று அந்த டாக்டர் ஒரு குழுவையே நடத்துகிறார். ஒரே பிள்ளையைப் பல வருடம் பார்க்கிறார்.

அங்கும் ஒரு தாய் அடுத்த கர்ப்பத்தைப் பற்றிக் கேட்பாள். கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டிய தினமும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமில மாத்திரை, ஸ்கேன், சட்டம் தரும் வழிகள் எல்லாவற்றையும் உங்கள் மகள் மறைக்காமல் சொல்ல வேண்டும். முடியாவிட்டால், சொல்லக்கூடியவரிடம் உடனே அனுப்ப வேண்டும். இதற்குச் சம்மதமா என்று அவளிடமே கேளுங்கள். பெரியப்பா பக்கத்தில் இல்லாதபோது. அப்புறம் அடுத்த விடுமுறையில் அப்படி ஒரு பிரிவில் சில வாரம் கூட நின்று பார்க்க அவளை அனுப்புங்கள்.