அண்ணியிடம் பாதி செட் கேட்கலாமா?

கேள்வி: புதுச்சேரியில் என் பிறந்த வீட்டில், கொள்ளுத் தாத்தா சைகோன் உத்தியோகத்திலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த பிரெஞ்சுப் பீங்கான் செட் இருக்கிறது. ரோஜாப்பூ போட்டது, அடியில் 'லிமோஜ்' என்ற பச்சை முத்திரை. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அதில்தான் சாப்பாடு. இத்தனை வருடமாகியும் தங்க விளிம்புகூட மங்கவில்லை. அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. முழு செட்டையும் அண்ணியே வைத்துக்கொண்டிருக்கிறார். பழம்பொருள் வணிகர் ஒருவரிடம் படம் காட்டியிருக்கிறேன். பாதியைக் கேட்பது தவறா?
- வாசகி, சென்னை

பதில்: தங்க விளிம்பு மங்கவில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அது எப்படி மங்காமல் இருக்கிறது என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?

லிமோஜ் பிரான்சில் ஓர் ஊர். 1768இல் அதற்குத் தெற்கே வெண்களிமண் கிடைத்ததால் அங்கே பீங்கான் தொழில் வளர்ந்தது. அந்தப் பீங்கான் சுமார் 1,400 டிகிரி சூட்டில் வெந்தது; லேசில் தேயாது. தங்கம் அப்படியல்ல. மெருகுக்கு மேலே பூசி, குறைந்த சூட்டில் ஒட்டவைப்பது. நாரும் பொடியும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தையும் தாங்காது.

பண்டிகைதோறும் புழங்கிய தட்டில் தங்கம் நிற்கிறது என்றால், விருந்து முடிந்து நீங்களெல்லாம் கூடத்தில் கதை பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் பின்கட்டில் நின்று, குழம்பின் எண்ணெயை ஒவ்வொரு தட்டாக விரலாலேயே வழித்துக் கழுவியிருக்கிறார். முன்பு உங்கள் அம்மா. அதன் பிறகு யார்? உங்கள் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை; "அண்ணியே வைத்துக்கொண்டிருக்கிறார்" என்ற குறை மட்டும் இருக்கிறது. அம்மாவைக் கடைசிக் காலத்தில் குளிப்பாட்டியதும் அதே கைகள்தானா?

பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் பங்கில்லை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். நிலத்திலும் நகையிலும் உங்கள் பங்கை உரக்கக் கேளுங்கள். ஆனால் ஒரே மேசையில் பரிமாறவென்று செய்த செட்டை, சூப் பாத்திரம் இங்கே, தட்டுகள் அங்கே என்று பிரிக்கச் சம்மதிக்கமாட்டேன். முதல் வருடத் திருப்பலிகூட முடியாத நிலையில் வணிகரிடம் படம் காட்டியது, சகோதரி, வெட்கப்பட வேண்டிய காரியம்.

விற்பதற்கில்லை என்று அவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போங்கள். சாப்பாடு முடிந்ததும் அண்ணியை உட்காரவைத்துவிட்டு நீங்கள் கழுவுங்கள். வெதுவெதுப்பான நீர், மெல்லிய துணி, தொட்டியின் அடியில் ஒரு துண்டு. அடுக்கும்போது தட்டுகளுக்கு நடுவே துணி வைக்க வேண்டும். எப்படியென்று அண்ணியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். செட் பின்னால் எந்தப் பிள்ளைக்குப் போக வேண்டும் என்பதையும் அப்போது கேளுங்கள். உங்கள் மகளுக்கென்றாலும் அண்ணன் பிள்ளைக்கென்றாலும் முழுதாகப் போகட்டும். அண்ணி சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள்.