குடும்ப ஜெபத்தை நிறுத்த வேண்டாம் சகோதரி

ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து மாமியார் பேசுவதில்லை, கொழுந்தன் கல்யாணத்துக்கும் கூப்பிடவில்லை, இதெல்லாம் அடங்கும்வரை மாலை ஜெபத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

எங்கள் வீட்டிலும் இதே பாடுதான். சித்தப்பா நாலு வருஷம் எங்கள் வாசல்படி மிதிக்கவில்லை. அம்மா ஜெபத்தை விடவில்லை, ஆனால் தெருப்பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் பாடுவார். பொங்கலுக்குப் பொங்கல் ரெண்டு கரும்பைக் கொண்டுபோய் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் சாத்தி வைத்துவிட்டு, எடுத்தார்களா இல்லையா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்துவிடுவார். அப்புறம் பாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரியெல்லாம் அம்மாதான் பக்கத்தில் இருந்தார். விடிகாலையில் ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்து "குடிங்க அண்ணி" என்று நீட்டியது சித்தப்பாதான்.

வேதாகமத்தில் நெகேமியா 4-ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளையும் உட்காரவைத்து வாசியுங்கள். இடிந்துகிடந்த எருசலேம் அலங்கத்தை, அதாவது நகரத்து மதிலை, நெகேமியாவும் யூதர்களும் திரும்பக் கட்டுவதைச் சொல்வது அது. எதிரிகளான சன்பல்லாத்தும் தொபியாவும் முதலில் கேலி செய்கிறார்கள், பிறகு மிரட்டுகிறார்கள். கட்டுகிறவர்களோ ஜெபமும் பண்ணுகிறார்கள், இரவும் பகலும் காவலும் வைக்கிறார்கள், அதுவும் குடும்பம் குடும்பமாக நின்று! 6-ஆம் அதிகாரத்தில் ஓனோ பள்ளத்தாக்குக்கு வரச்சொல்லி நாலு தடவை ஆள் அனுப்பியும் நெகேமியா ஒரே பதிலைத்தான் சொல்கிறார், வேலையை விட்டு வரமுடியாது என்று. அலங்கம் 52 நாளில் முடிந்தது. உங்கள் வீட்டில் எத்தனை நாளாகும் என்று நான் சொல்லமுடியாது, எங்களுக்கு வருஷக்கணக்கானது.

சரி, வாக்குவாதம் மட்டும் வேண்டாம். இந்த ஞாயிறு மாமியாருக்கு ஒரு போன் போடுங்கள், எடுக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் போடுங்கள். இன்று ராத்திரி எங்கள் ஜெபத்தில் உங்கள் குடும்பத்தையும் நினைத்துக்கொள்கிறோம்.